மூன்றாவது அடி யாருடையது?

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதனுக்குப் புரியும். புரிந்தாலும் கேட்பானா என்பது வேறு விஷயம்.

உதகை மலைச்சரிவில் ஓர் ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையில் நாலு முட்டை இட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த வேதமாணிக்கத் துரை சுற்றியிருந்த புல்லை மழித்துக் கோல்ஃப் திடலாக்கினார். அங்கே ஒரு குழிக்கு 'பார்' நாலு. அதாவது, நன்றாக ஆடுகிறவர் நாலே அடியில் பந்தைக் குழியில் போட்டுவிட வேண்டும். துரைக்கு ஒருநாளும் ஐந்துக்குக் குறைந்ததில்லை.

அன்று அவருடைய இரண்டாவது அடியில் பந்து உருண்டு வந்து முட்டைகளை ஒட்டி நின்றது.

கொஞ்சம் நகர்த்தி வைத்து ஆடுங்கள் என்றது ஆள்காட்டி. பந்து கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், கையால் தொடக்கூடாது, அதுதான் விதி என்றார் துரை. தரையில் முட்டையிட்டது உன் தப்பு என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நான் முட்டையிட்ட பிறகுதானே ஐயா நீங்க புல்லு வெட்டினீங்க?"

துரை பந்தருகே காலை அகற்றி நின்றார். கோலை ஓங்கினார்.

"உங்க கை தொடக்கூடாது, சரி. என் மார்பு தொடக்கூடாதுன்னு விதியில இருக்கா?"

கோல் அந்தரத்தில் நின்றது. அவருடைய கோல்பையைச் சுமந்துவந்த காத்தாயி, "அப்படி ஒண்ணும் இல்லீங்க துரை" என்றாள்.

குழியில் விழாவிட்டால் பந்தை நீயே இங்கே திருப்பித் தள்ள வேண்டும், இங்கிருந்தே அடிப்பேன் என்றார் அவர்.

குழிக்கு இருபது தப்படி. மேலே பருந்து வட்டமிட்டது. பந்தைத் தள்ள முட்டைகளை விட்டு எழுந்தாக வேண்டும். ஆள்காட்டி எழுந்தது. காத்தாயி பையை இறக்கிவிட்டு, தன் நிழல் முட்டைகள்மேல் விழும்படி நின்றுகொண்டாள். பந்து குழியின் விளிம்பில் முரண்டுபிடித்தது. பருந்து தாழ்ந்தது. ஆள்காட்டி திரும்பிப் பார்க்காமல் மார்பைக் கொடுத்து முட்டியது.

டொக்.

துரைக்கு வாயெல்லாம் பல். "மூணே அடி! பாருக்கு ஒண்ணு கம்மி!"

"ரெண்டுதான் உங்களுது ஐயா. மூணாவது என்னுது. வேணும்னா வெச்சுக்குங்க. ஆனா என் பேரைச் சொல்லித்தான் வெச்சுக்கணும். இல்லேன்னா பந்தை வெளியே தள்ளிடுவேன்."

துரை ஒத்துக்கொண்டார். வேறு வழி?

அன்று முதல்தான், பாருக்கு ஓர் அடி குறைவாக முடித்தால் அதைப் 'பேர்டி', ஆங்கிலத்தில் குட்டிப் பறவை, என்கிறார்கள். கைதட்டல் மட்டும் ஆடியவருக்கு. முட்டைகள் என்னவாயின என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நாலும் பொரிந்தன.