கவிழ்த்த கூடை

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. தளபதி வல்லபன் குதிரையை மடத்து வாசலில் விட்டுவிட்டு, நேரே தன் குருவான மடத்துச் சாமியிடம் வந்தான். அவர் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பொழுது சாய்வதற்குள் கரை உடைந்துவிடும். கீழத்தெரு சனம் ஒன்றும் கிளம்ப மாட்டேன் என்கிறது. வீடு வீடாகப் போய்ச் சொல்லியாயிற்று."

"அக்கரையில்?"

"அது வேறு நாடு. அந்தப் படைக்காரன் ஒரே ஒரு தடவை கொம்பு ஊதினான். சனம் ஆடு மாட்டோடு மேடு ஏறிவிட்டது. அங்கே வீரன் தெருவில் போனால் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்களுக்கோ மாலையும் ஆரத்தியும்! பிறகு ஏன் சாமி இப்படி?"

"வா, போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தார் சாமி.

கீழத்தெரு முதல் வீட்டில் வெள்ளையம்மா என்று ஒருத்தி. தளபதியின் தலை தெரிந்ததுமே கோழிகளைக் கூடை போட்டு மூடினாள். பிறகுதான் கைகூப்பினாள்.

"வாங்க ராசா! இருங்க, ஆரத்தி கரைக்கிறேன்."

"ஆரத்தி வேண்டாம் தாயி. மேட்டுக்குக் கிளம்பு."

"கிளம்புறேன் ராசா. நீங்க முன்னால போங்க."

சாமி கேட்டார். "கோழியை ஏனம்மா மூடினாய்?"

அவள் தலையைக் குனித்துக்கொண்டாள். "போன மழைக்கும் இப்படித்தான் கிளம்பச் சொன்னாங்க சாமி. போனோம். வெள்ளம் வரல. திரும்பி வந்து பார்த்தா, முற்றமெல்லாம் வெறும் இறகுதான்."

"கோழியைத் தின்றது யார் ஆட்கள்?" என்றான் வல்லபன்.

"நம்ம ஆளுங்கதான் ராசா. எதிரி ஆளுங்கன்னா வீட்டை விட்டுப் போயிருப்பேனா?"

வல்லபனுக்கு முகம் செத்துவிட்டது. "சாமி, இனி நான் என்ன சொல்லட்டும்?"

"சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டாயே அப்பா."

வல்லபன் வாளைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். கோழிகளைப் பிடித்துக் கூடைக்குள் போட்டு, துணியால் கட்டி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். கூடையிலிருந்து எச்சம் அவன் பட்டுச் சட்டையில் வழிந்தது. வெள்ளையம்மா கூடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஓடினாள்.

"அடியே வெள்ளையம்மா! தளபதியவே சுமை தூக்க வச்சுட்டியா!" என்றது எதிர்வீடு. சிரிப்போடு கதவுகள் திறந்தன. தெருவில் நின்ற வல்லபனின் வீரர்களும் ஆட்டுக்குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசி ஆளும் மேடு ஏறியபின் கரை உடைந்தது. கீழத்தெரு முழுதும் தண்ணீர். ஓர் உயிரும் போகவில்லை. கடவுள் புண்ணியம்.

வல்லபன் சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சாமி, இப்போதாவது எங்களை நம்பிவிட்டார்களா?"

வெள்ளையம்மா வாளை மடியில் கிடத்திக்கொண்டு, ஒரு கையால் கூடையை அழுத்திப் பிடித்திருந்தாள். அக்கரை மேட்டில் அந்த நாட்டு வீரர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் ஊர்க்கோழிகள் பருக்கை பொறுக்கின.

சாமி இரண்டையும் பார்த்தார்.

"வெள்ளம் வடியட்டும். அடுத்த தடவை நீ கீழத்தெருவுக்குப் போகும்போது, அவள் கோழி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்."