ஏரித் தலைவருக்கு ஒரு புது வீடு

வயிறு நிறையப் பெயர்கள் இருக்கும், ஒருவரையும் அதற்குத் தெரியாது. எத்தனை குலுக்கினாலும் கோபம் வராது. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

தேர்தல் குடம். அந்தக் காலத்தில் புலியங்குறிச்சியில் ஏரித் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிடுவோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எழுத்தறியாத ஒரு குழந்தை உள்ளே கையை விட்டு ஓர் ஓலையை எடுக்கும். அவ்வளவுதான், அவரே தலைவர்.

முந்தைய வருடம் ஏரிக்கரை உடைந்து விளைந்த நெல்லெல்லாம் போய்விட்டது. அதனால் இந்த முறை அரசர் மருதவேளே நேரில் வந்துவிட்டார். கூடவே அமைச்சர் வெண்காடனும் வந்தார்.

மூன்று பேர் போட்டியிட்டார்கள். நக்கன் என்பவர், கரை நெடுகிலும் அடிக்கு ஒரு மரம் நடுவேன் என்றார். ஊர் கை தட்டியது. அடுத்தவர் ஐயாறன். இனி எருமை குளிக்கக் கூடாது, கொக்குகூடக் கால் கழுவிவிட்டுத்தான் ஏரியில் இறங்க வேண்டும் என்றார். ஊர் எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாமவர் சிடுசிடு சேந்தன். கரையில் நண்டு வளைகளை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஊர் கொட்டாவி விட்டது.

அரசர் வெண்காடனின் காதருகே குனிந்தார்.

"கரையைக் காப்பாற்றுகிறவன் பெயர்தான் வர வேண்டும். ஆனால் நீ குடத்தைத் தொடக் கூடாது, குழந்தையிடமும் பேசக் கூடாது. தவறினால் மழைக்காலம் முழுக்க நீயே கரைக்குக் காவல்."

வெண்காடன் தலையைச் சொறிந்தார். பிறகு மலர்ந்த முகத்தோடு கூட்டத்தின் முன் போய் நின்றார்.

"மூவர் பேச்சிலும் அரசர் மகிழ்ந்துபோனார். ஆகவே வெல்பவருக்கு அரண்மனைச் செலவில் ஒரு புது வீடு."

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீடு எந்தத் தெருவில் என்று நக்கன் கேட்டார். மாடி உண்டா என்று ஐயாறன் கேட்டார்.

"மாடியும் உண்டு. போன வருடம் கரை உடைந்ததே, அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டுகிறோம். மழைக்காலம் முடியும்வரை தலைவர் குடும்பத்தோடு அங்கேதான் தூங்க வேண்டும்."

நக்கனுக்கு வெளியூரில் மாமியார் தனியாக இருப்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. உடனே போய்க் கவனிக்க வேண்டுமாம். ஐயாறனின் ஜாதகத்தில் நீர்க்கண்டம் இருந்ததாம், இத்தனை நாள் மறந்தே போய்விட்டாராம். இருவரும் தங்கள் ஓலையைத் திருப்பித் தரும்படி கெஞ்சி வாங்கிக்கொண்டார்கள்.

சேந்தன் மட்டும் எழுந்து கத்தினார்.

"வீடு கிடக்கட்டும் ஐயா. முதலில் ஆளும் களிமண்ணும் கொடுங்கள். கரை இப்போதே கசிகிறது. என் பிள்ளைகள் கீழே படுப்பதென்றால் மேலே ஒரு நண்டு வளை இருக்கக் கூடாது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். இனி எதற்குக் குலுக்கல், சேந்தனையே அறிவித்துவிடலாமே என்றார்.

ஊர்ப் பெரியவர்கள் ஒப்பவில்லை. முறை என்றால் முறைதான். எனவே ஒற்றை ஓலையோடு குடத்தை நன்றாகக் குலுக்கினார்கள். எல்லோருக்கும் காட்டினார்கள். மறுபடியும் குலுக்கினார்கள். பிறகு குழந்தையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

குழந்தை கையை விட்டுச் சற்று நேரம் துழாவியது. பிறகு ஓர் ஓலையை எடுத்தது. அதில் சேந்தன் என்று எழுதியிருந்தது.