வச்சிடறேன் என்றார் நாச்சிமுத்து

‘ஷ்ஷ்ஷ்’ என்று ஒரே இரைச்சல். மழைதான் என்று நினைத்து, மொட்டைமாடியில் காயப்போட்ட மல்லியை அள்ள ஓடினாள் இந்திராணி. வானம் வெள்ளையாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தால், கீழே வாசலில் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மோட்டாரைப் போட்டு, ஏணிமேல் நின்று ரப்பர் குழாயால் கேரவனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க இத்தனை சீரு?"

"கட்டிக்குடுக்கற புள்ளையக் குளிப்பாட்டாமயா அனுப்புவாங்க?"

ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு அது. இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு மூட்டலாம். உடுமலையில் அதற்கு ‘சினிமாக்காரன் வண்டி’ என்று பெயர். லேத் பட்டறையை மூடிய வருஷம் நாச்சிமுத்து அதை வாங்கினார். அதற்கப்புறம் கொல்லிமலை, ஏற்காடு, தனுஷ்கோடி. எங்கே இருட்டுகிறதோ அங்கே படுக்கை. வீட்டில் நிற்கும் நாட்களில் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றிவைப்பார், ஜன்னல் ரப்பருக்குப் பவுடர் பூசுவார். தேடினாலும் துரு கிடைக்காது. கண்ணில் கோளாறு வந்து, மலைவளைவில் இனி இதை இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விற்கிற பேச்சே வந்தது. விலையில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. வாங்குகிறவர் கையில் வண்டி ஓட வேண்டும், அது போதும்.

முதலில் வந்து பார்த்தவள் தமயந்தி. மடத்துக்குளம் பக்கம் புருஷனோடு நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். குடியிருப்பு பண்ணைக்குள்ளேயே ஒரு தகரக்கொட்டகை. மெத்தையில் உட்கார்ந்து பார்த்தாள், கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். கடைசியில், "ஏனுங்கண்ணா, சக்கரத்தைக் கழட்டிப்போட்டுக் கல்லுமேல உக்கார வச்சுக்கலாமுங்களா?" என்றாள். நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. விலைக்குச் சம்மதித்து, "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்று போனவள்தான் இப்போது போனில் கூப்பிட்டாள்.

அவர் கையெல்லாம் ஈரம். இந்திராணி இறங்கி வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு ஏணிக்கு நீட்டிப் பிடித்தாள். மோட்டார் இரைச்சலில் பாதி காதில் விழுந்தது, பாதி தண்ணீரோடு போயிற்று.

"...கேட்டுட்டனுங்க... ஞாயித்துக்கிழமை வர்றோம்... அப்ப... வச்சிடுங்கண்ணா."

"சரி அம்மிணி, வச்சிடறேன்."

"புண்ணியமாப் போகுமுங்கண்ணா!"

மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டு, நாச்சிமுத்து கூரையைக் கழுவப் போனார். மறுபடியும் சும்மா பார்க்கத்தான் வருவாள்போல; வந்தால் வரட்டும்.

வெள்ளிக்கிழமை ஆரோக்கியம் வந்தார். திண்டுக்கல்லில் பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பிய ஆள். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, இத வண்டின்னு சொல்லாதீங்க. பிள்ளைன்னு சொல்லுங்க."

"எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

"மொதல்ல கன்னியாகுமரி. அப்புறம் ரோடு எங்க கூப்புடுதோ அங்க."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி, முன்பணமும் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை இந்திராணி வாசலில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இரண்டிலும் புதுக் கொக்கி.

"வண்டிய எனக்கு வச்சிடுங்கன்னேன். வச்சிடறேன்னீங்களே!" என்றாள் தமயந்தி, வண்டி ஆரோக்கியத்துக்கு முடிந்துவிட்டது என்று கேட்டதும்.

"போனை வைக்கச் சொல்றேன்னு நெனச்சேன் அம்மிணி. போனைத்தான் வச்சேன்!"

ஆரோக்கியம் சிரித்துவிட்டார். தமயந்தி சிரிக்கவில்லை.

"உங்க வாக்க நம்பிக் கொட்டகையப் பிரிச்சுத் தகரத்தையும் வித்துப்போட்டோமுங்க. நேத்து ராத்திரி, நாத்துக்கு நெழலுக்குக் கட்டின பச்சை வலைக்கடியிலதான் படுத்தோம்."

"கஷ்டம்தான் தங்கச்சி, இல்லேங்கல" என்றார் ஆரோக்கியம். "ஆனா நீ வாங்கினது வாய்ச்சொல்லு. நான் வாங்கினது வெத்திலை. அதுவும்போக, கல்லுமேல நட்டுவைக்கவா அண்ணன் இத இப்புடிப் பாத்துப் பாத்து வளத்தாரு?"

நாச்சிமுத்து சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பட்டறை நாளிலிருந்தே ‘நாச்சிமுத்து சொன்னால் சொன்னதுதான்’ என்று பெயரெடுத்தவர். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள், வண்டி ஒன்றுதான். மனசு ஆரோக்கியத்தின் பக்கம் சாய்கிறது. தமயந்தி கேட்டது முழுதாக அவர் காதில் விழவில்லை என்பது சத்தியம். அவர் சொன்னது அவள் காதில் முழுதாக விழுந்தது என்பதும் சத்தியம்.

யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவரிடம் அவர் பெயர் கெடும். படிக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்தி, நடந்ததை இன்னொரு தரம் நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்தச் சாவி யார் கைக்குப் போவது நியாயம்?

விடை: தமயந்தியின் கைக்கு. படுக்க இடமில்லாதவள் என்பதற்காக அல்ல; அது இரக்கம், இந்த வழக்கில் சேராது. காதில் விழாத சொல்லுக்கு நாச்சிமுத்து பொறுப்பில்லைதான். விழுந்த சொல் ஒன்று இருக்கிறதே. "ஏனுங்க, போனை வைக்கறதுக்கு யாராச்சும் ‘புண்ணியமாப் போகும்’பாங்களா?" என்று இந்திராணிதான் கேட்டாள். "நானுந்தான் பக்கத்துல நின்னேன். நமக்கு அப்பவே உறுத்தியிருக்கணும்." சக்கரத்தைக் கழற்றப்போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டு ‘என்ன சொன்னே அம்மிணி’ என்று கேட்க அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஆரோக்கியத்தின் முன்பணத்தை நாச்சிமுத்து வெற்றிலைத் தட்டில் வைத்துக் கைகூப்பித் திருப்பிக் கொடுத்தார். "விடுங்கண்ணே" என்றார் ஆரோக்கியம். அவர் விடவில்லை என்பது குரலில் தெரிந்தது. கேரவன் தமயந்தியின் ஜீப்புக்குப் பின்னால் ஆடி ஆடிப் போய்த் தெருமுனையில் திரும்பிற்று. இந்திராணி முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு மிச்ச மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள்.