இருபத்திரண்டு கதவுகளும் ஒரு வாசற்படியும்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று. குரு ஜெசிந்தா, பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர். சீடர் வேதமூர்த்தி, பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். கான்கிரீட் அலுத்துப்போய் இவரிடம் பாடம் கேட்க வந்தவர். சீடர் குருவை டீச்சர் என்பார். குரு சீடரை சார் என்பார். இருவருக்கும் இதில் சங்கடம் இல்லை.

அலைவாய் ஓட்டல் ஒரு மாதமாக அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. நூற்றுமுப்பது வருடக் கட்டடம். அண்ணாந்து பார்க்கவைக்கும் தூண்கள், பர்மா தேக்கில் மாடிப்படி, கடலைப் பார்த்து வரிசையாக இருபத்திரண்டு கதவுகள் வைத்த நடனக்கூடம். அன்று பதினோரு மணிக்கு அரசுக் குழு வருகிறது. கடலிலிருந்து இதற்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் இடிக்கச் சொல்லி எழுதிவிடுவார்கள்.

வேதமூர்த்தியும் ஒரு மாதமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தனை புயல்ல இது எப்படி டீச்சர் நின்னுச்சு? ஒரு தடுப்புச் சுவர்கூடக் காணோமே!"

"டேப்பைப் பிடிங்க சார், அளப்போம்," என்பார் ஜெசிந்தா. வேறு பதில் வராது.

காலை எட்டு மணிக்கு வேதமூர்த்தி ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்! இருபத்திரண்டு கதவுலயும் வாசப்படியே இல்லை. நம்ம ஊர்ல எவனாவது வாசப்படி இல்லாம வாசல் வைப்பானா? யாரோ பேத்துட்டுப் போயிருக்காங்க. நேத்து ஒண்ணு செஞ்சு வெச்சிட்டேன். வந்து பாருங்க!"

ஒரு சாண் உயரத் தேக்குக் கட்டை. இடுக்கெல்லாம் சுண்ணாம்பால் அடைத்திருந்தார். மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, மேலே ஒரு செம்பருத்தி. மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை.

"வெளியிலேருந்து பத்து வாளி ஊத்தினேன். ஒரு சொட்டு உள்ளே வரலை!"

"உள்ளேருந்து?"

"உள்ளேருந்து எதுக்கு டீச்சர்?"

ஜெசிந்தா வாளியை நிரப்பிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போய்க் கவிழ்த்தார். கறுப்பு வெள்ளைச் சலவைக்கல்லின் மேல் தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு கடலைப் பார்த்துப் புறப்பட்டது. இரண்டு மூன்று கதவுகள் வழியாக வெளியேறி மணலில் இறங்கியது. வேதமூர்த்தியின் கதவில் மட்டும் முட்டித் தேங்கி, பக்கத்துச் சுவரின் அடியை நனைத்தது.

வேதமூர்த்தி பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். 'தரை கடல் பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்துவிட்டது. குறைபாடு' என்று முதல் நாளே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

"தாழலை டீச்சர், கட்டினவன் தாழ்த்தியே போட்டிருக்கான்! கடல் உள்ளே வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்த தண்ணி தானே வெளியே போக வழி விட்டிருக்கான்!"

சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடப்பாரையைத் தேடி எடுத்து, தான் வைத்த படியைத் தானே பெயர்த்தார்.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. தலைவர் கோப்பைத் திறந்தார். "கடலைத் தடுக்க இங்கே என்ன வெச்சிருக்காங்க?"

"ஒண்ணுமே வைக்கலை சார்!" என்றார் வேதமூர்த்தி, பரிசுச் சீட்டு விழுந்தவர் போல.

தலைவர் முழித்தார். ஜெசிந்தா வாளியை அவர் கையில் கொடுத்தார்.

அவர் கூடத்தின் மறுகோடியில் ஒரு வாளி ஊற்றினார். இன்னொன்று கேட்டு வாங்கி ஊற்றினார். மூன்றாவதுக்கு அவரே குழாயடிக்குப் போனார். பிறகு, கோப்பில் 'இடிக்கலாம்' என்று தட்டச்சாகியிருந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

குழு போனபின் வேதமூர்த்தி மஞ்சள் பூசிய கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடல் கெடுக்காததை நான் கெடுக்கப் பார்த்தேனே டீச்சர். நல்ல தேக்கு வேற. இதை என்ன செய்யறது?"

"உங்க வீட்டு வாசலுக்கு வெச்சுக்கங்க சார். அங்கே கடல் வராது."