ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர்

ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக மலையடிவாரத்தில் ஒரு காடு இருந்தது. அதில் நானூறு மரங்கள். அவற்றைப் பற்றி எழுதிவைக்க ஒரு பதிவேடும் இருந்தது. காட்டைவிடப் பதிவேட்டுக்குத்தான் கவனிப்பு அதிகம். தாவரச் சூழலியல் ஆய்வகத்தில் அதற்குத் தனி மேசை, தனி மின்விசிறி, மழைக்காலத்தில் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை.

அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர முப்பிடாதி வந்தாள். இலையைப் பார்த்தால் போதும், திருப்பி நரம்பு பார்க்க நின்றுவிடுவாள். அதற்குள் பஸ் போய்விடும். ஏற்கெனவே இரண்டு ஆய்வகங்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. இதுவும் போனால் கடையநல்லூரில் மாமாவின் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பேராசிரியர் அருள்ஞானம் அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட ஒரு வரைபடம் தொங்கியது. அதில் ஒரு கோடு நூல் பிடித்தது போல ஏறிக்கொண்டே போனது.

"இது இருநூத்திப் பன்னிரண்டாம் நம்பர் மரம்மா. உசிலை. மத்த மரமெல்லாம் மழை பெஞ்சா வளரும், காஞ்சா நின்னுரும். இது மட்டும் வருஷத்துக்கு அரை சென்டிமீட்டர். பஞ்சம் வந்தாலும் அரை, வெள்ளம் வந்தாலும் அரை. இதை வெச்சு ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க."

"நேர்ல பாக்கணும் போல இருக்கு சார்," என்றாள் முப்பிடாதி.

"இன்னைக்கே பாரு." அவர் பதிவேட்டில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். "இருநூத்தி மூணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் பத்து மரம். நெஞ்சு உயரத்துல டேப்பைச் சுத்தி, சுற்றளவை எழுதிட்டு வா. அஞ்சு மணிக்கு லிஸ்ட் ஒட்டணும். பக்கம் முழுசா இருந்தா சீட் உனக்கு."

அவள் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பதிவேடு முணுமுணுத்துக்கொண்டே வந்தது. வெயில் ஆகாதாம். அட்டை வளையுமாம்.

ஒன்பது மரங்கள் சுலபமாக முடிந்தன. இருநூற்றுப் பதினொன்றின் அடியில் நல்ல நிழல். அதற்கு அப்பால் வழியை மறித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு முள்புதர்.

"அப்பாடா. உக்காரு பிள்ளே," என்றது பதிவேடு. "எல்லாரும் இங்கதான் உக்காந்து முடிப்பாங்க. பத்தாவது மரம், போன வருஷம் எண்பத்தாறரை. இந்த வருஷம் எண்பத்தேழு. எழுது."

"அளக்காமலா?"

"அளந்தாலும் அதான வரப்போகுது? வருஷத்துக்கு அரைன்னு சார் சொன்னாரா இல்லையா?"

அவள் தோளில் கிடந்த டேப் மெல்லத் தலையைத் தூக்கியது. "தாயி, அந்த மரத்தை நான் தொட்டு ரொம்ப நாளாச்சு."

"நீ சும்மா கிட. சுத்துறதோட உன் வேலை முடிஞ்சுது," என்று பதிவேடு அதட்டியது. "ஏ பிள்ளே, மணி மூணரை. பக்கம் காலியா இருந்தா சீட்டும் காலி. யோசிச்சுக்கோ."

முப்பிடாதிக்குப் பயமாகத்தான் இருந்தது. ரீசார்ஜ் கடையின் கண்ணாடி மேசை கண்முன் வந்து நின்றது. பேனாவை எடுத்து 'எட்டு' என்று எழுதியும் விட்டாள். அடுத்து 'ஏழு' போடக் கை வரவில்லை. நேர்மை கீர்மை எல்லாம் அப்புறம். ஏழு பேரை டாக்டராக்கிய மரத்தை இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்று இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு புதருக்குள் நுழைந்தாள். முள் கையைக் கிழித்தது. பதிவேடு "ஐயோ என் அட்டை!" என்று அலறியது.

புதருக்கு அப்பால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் உச்சியில், மரத்தில் அடிக்கும் எண் பொறித்த ஒரு அலுமினிய வில்லை பாதி புதைந்து கிடந்தது. நிழல் விழுந்ததும் அது விறைப்பாக நிமிர்ந்தது.

"இருநூத்திப் பன்னிரண்டு, ஆஜர்!"

"மரம் எங்க?" என்றாள் முப்பிடாதி.

"மரமா? அதைக் கோடாலி கொண்டுபோயி வருசக்கணக்காச்சு யக்கா. வெட்டுனது போக மிஞ்சுன அடித்தூரைக் கறையான் தின்னுட்டு. நான் அலுமினியம் பாத்தீகளா, என்னைத் திங்க முடியல. நம்பரைக் கூப்புட்டா ஆஜர் சொல்லணும்னுதான் என்னை அடிச்சு வச்சாக. இத்தனை வருசத்துல கூப்புட ஆளு வந்தது இன்னைக்குத்தான்."

முப்பிடாதி புற்றின் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டாள். பார்க்க வேண்டும் என்று ஓடிவந்த மரம் இல்லை என்பது ஒரு பக்கம். பக்கம் நிரம்பாது என்பது மறு பக்கம். அழுகை வந்தது.

வில்லைக்குப் பாவமாகப் போயிற்று. "வேணும்னா புத்தைச் சுத்தி அளந்துக்கோங்க யக்கா. மரம் முச்சூடும் இதுக்குள்ளதான இருக்கு."

டேப் கூச்சத்தோடு புற்றைச் சுற்றிப் பார்த்தது. நூற்று நாற்பது வந்தது.

"ஒரே வருஷத்துல ஐம்பத்துமூணரையா!" பதிவேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "எழுது, எழுது! எட்டாவது டாக்டர் நீதான்!"

"ஐயா, இங்க மரமே இல்ல."

"எனக்குள்ள இருக்கே! காட்டுல இல்லன்னா அது காட்டோட தப்பு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதிய எட்டை அடித்தாள். பத்தாவது வரியில் 'மரம் இல்லை' என்று எழுதினாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். மேசையில் வைத்ததுதான் தாமதம், பதிவேடு ஊரைக் கூட்டியது.

"சார்! இந்தப் பிள்ளை மரத்தைக் கொன்னுட்டா சார்!"

அருள்ஞானம் பதறி எழுந்தார். "எந்த மரத்தை?"

"நம்ம இருநூத்திப் பன்னிரண்டை! போன வருஷம் வரைக்கும் எண்பத்தாறரையா உசுரோட இருந்துது. ஏழு பேர் வந்தாங்க, எழுதினாங்க, ஒருத்தர் கையாலயாவது செத்துதா? இவ போனா, செத்துட்டு!"

பேராசிரியர் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு முப்பிடாதியைப் பார்த்தார். படித்த மனிதர்தான், ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அவருக்குப் பதிவேடு சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

"நீ அதை என்னம்மா செஞ்ச?"

"போய்ப் பாத்தேன் சார். அவ்வளவுதான் செஞ்சேன்!"

"கேட்டீங்களா, ஒத்துக்கிட்டா!" என்றது பதிவேடு.

டேப் அவள் தோளிலிருந்து இறங்கி மேசைமேல் நீளமாகப் படுத்தது. "சார், நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த வசதி இல்ல. அந்த மரத்தைக் கடைசியா நான் சுத்துனப்ப எண்பத்திரண்டரை. அதுக்கப்புறம் எட்டு தடவை எழுதியிருக்கு. ஒரு தடவைகூட என்னைக் கூட்டிட்டுப் போகல."

அருள்ஞானம் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். எண்பத்தாறரை, எண்பத்தாறு, எண்பத்தைந்தரை. ஏழு வருடம், ஏழு கையெழுத்து. ஒவ்வொன்றையும் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார். எட்டாவது பக்கத்தில், எண்பத்துமூன்று என்ற இடத்தில், நின்றுவிட்டார். மூன்றின் வால் நீளமாக வளைந்திருந்தது. அந்த வளைவு அவருடையது.

அந்த வருடம் மாணவர் யாரும் சேரவில்லை. அவரே போயிருந்தார். தூறல் போட்டது, முள்ளாக இருந்தது, ஒரு தடவைதானே என்று தோன்றியது. பின்னால் வந்த ஏழு பேரும் அவர் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பட்டியலை இழுத்து அதில் முப்பிடாதியின் பெயரை எழுதினார்.

"பக்கம் முழுசா இல்லையே சார்!" என்றது பதிவேடு.

"பத்து வரியும் எழுதியிருக்கா. முழுசாத்தான் இருக்கு."

முப்பிடாதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அவள் கைக் கீறல்களுக்கு மருந்து போட அருள்ஞானமே பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து இருநூத்திப் பதிமூணு தொடங்கி நானூறு வரைக்கும் உன் பொறுப்பும்மா," என்றார். "நூத்தி எண்பத்தெட்டு மரம். இத்தனை வருஷத்துல புதருக்கு அந்தப் பக்கம் போன ஒரே ஆள் நீதான். என்னென்ன மரம் நிக்குது அங்க?"

அவள் அப்போதுதான் யோசித்துப் பார்த்தாள். பஞ்சு கையிலேயே நின்றது.

"தூரு தூரா கிடக்கு சார்," என்றாள். "மத்தபடி வெயில்தான் நிக்குது."