கணிப்பு இலையும் அணில் அம்மாவும்

மலை அடிவாரத்தில், ஆறு வளைந்து போகிற ஒரு காட்டில், வெள்ளிக்கிழமை தவறாமல் குதிரைப் பந்தயம் நடக்கும்.

ஓடுவது ஐந்தே குதிரைகள்தான். செவலை, புழுதி, தும்பை, கரிமேகம், நெட்டைக்காலன். போன வாரம் ஜெயித்த குதிரையின் முதுகில் யானையார் ஒரு பாளை நிறைய ஈர மணலைக் கட்டிவிடுவார். இரண்டாவதாக வந்ததற்கு அரைப் பாளை. கடைசியாக வந்ததற்கு ஒன்றும் கிடையாது, அது சும்மா ஓடலாம். அதனால் எந்த வாரம் எது ஜெயிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்து குதிரைக்கும் ஐந்து குழிகள் உண்டு. பிடித்த குதிரையின் குழியில் அவரவர் தீனியைப் போட வேண்டும். ஜெயித்த குதிரையின் குழியில் போட்டவர்கள் ஐந்து குழித் தீனியையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் வெறும் வாயோடு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் காட்டில் ஒரு நாவல் மரப் பொந்தில் அணில் அம்மா தன் மூன்று பிள்ளைகளோடு இருந்தது. அப்பா அணிலைக் கோடையில் பருந்து தூக்கிப் போய்விட்டது. மழைக்காலம் பிறக்க இன்னும் பத்து நாள்தான். மழை பிடித்துவிட்டால் ஒரு மாதம் வெளியே தலை காட்ட முடியாது. பொந்தில் இருந்த கொட்டைகளோ பதினைந்து நாளுக்குத்தான் வரும். அணில் அம்மா தினமும் எண்ணிப் பார்க்கும். எண்ணினால் மட்டும் கூடிவிடுமா? கூடவில்லை.

ஆலமரத்தடியில் இரண்டு மாதமாக ஒரு நரி கடை போட்டிருந்தது. தேக்கிலையை மடித்து, நாரால் கட்டி, வரிசையாக அடுக்கி வைத்திருக்கும்.

"வாம்மா தங்கச்சி! குளம்படி அளந்து, சாணி கிளறி, காத்து மோந்து, மணல் பாரத்தையும் கழிச்சுப் போட்ட கணக்கு! ஜெயிக்கிற குதிரை எதுன்னு இந்த இலைக்குள்ளே இருக்கு. ஒரு கீறல்னா செவலை, ரெண்டு கீறல்னா புழுதி, மூணு தும்பை, நாலு கரிமேகம், அஞ்சு நெட்டைக்காலன். இலை ஒண்ணு பத்தே கொட்டை!"

அணில் அம்மா வாலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டது. "அதைப் பார்த்துக் குழியில போட்டா நிச்சயம் ஜெயிக்குமா அண்ணா?"

"ஒண்ணு போட்டா அஞ்சா திரும்பி வரும். ஆனா தனியாப் பிரிச்சுப் பார்க்கணும். யார்கிட்டயும் காட்டக் கூடாது, காட்டினா கணக்கு கலைஞ்சிரும். பந்தயம் முடிஞ்சதும் இலையை ஆத்துல விட்டிரணும்."

பத்துக் கொட்டையையும் மடியில் கட்டித்தான் கொண்டு வந்திருந்தது அணில். நரி கையை நீட்டியது. அணிலுக்கு ஏனோ முடிச்சு அவிழவில்லை.

"நாளைக்கு வரேன் அண்ணா. வாங்கினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"தாராளமா கேளு!" என்று நரி சிரித்தது. "இந்தக் காட்டுல ஒருத்தராவது குறை சொல்லட்டும், பார்ப்போம்."

பக்கத்துக் கொய்யா மரத்தில் கிளி இருந்தது. அணில் கேட்டு முடிப்பதற்குள் கத்தியது. "அருமை! பிரமாதம்! இப்படி ஒரு கணிப்பைக் காடு கண்டதில்லை!"

"நீங்க எத்தனை தடவை வாங்கினீங்க அக்கா?"

"நானா? நான் எதுக்கு வாங்கறேன்? ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா நரியண்ணன் எனக்கு ஒரு பழம் தருவார். தங்கமான மனசு!"

அணில் அடுத்து மயிலிடம் போனது. மயில் தோகையை விரித்தபடியே பேசியது.

"போன வாரம் நான் ஜெயிச்சேன், தெரியுமில்ல? இலையைப் பிரிச்சேன், நாலு கீறல். கரிமேகம்! அது பறந்துச்சு பாரு! மூணு நாள் ஆடினேன்."

"இதுவரைக்கும் எத்தனை இலை வாங்கியிருப்பீங்க?"

"ஏழு."

"ஏழுல எத்தனை ஜெயிச்சீங்க?"

தோகை கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணைப் பார்த்திருக்கணுமே நீ!"

"மத்த ஆறும்?"

"அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்குவா? நல்ல நாளும் அதுவுமா, போவியா!"

சேற்றங்கரையில் காட்டுப்பன்றி படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல மெலிந்திருந்தது. அதுவும் இலையைக் குறை சொல்லவில்லை.

"கணக்கு சுத்தமான கணக்கும்மா. தப்பு எல்லாம் என் மேலதான். ஒரு தடவை இலையைப் பிரிக்கிறப்போ தும்மிட்டேன். இன்னொரு தடவை எந்தப் பக்கம் பார்த்து நின்னேனோ, விளங்கலை. நாளைக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பிரிக்கப் போறேன்."

அணில் வீட்டை நோக்கி நடந்தது. 'மூணு பேரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அப்புறம் ஏன் என் மனசு ஒப்பமாட்டேங்குது?' என்று நினைத்தது. மடியில் முடிச்சு கனத்தது.

வழியில் முயல் அம்மாவின் வளை. வாசலில் நின்று அணில் கேட்டது. "அக்கா, நீங்களும் நரி அண்ணன்கிட்ட இலை வாங்கினீங்களாமே. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்றது முயல். சொல்லும்போது அது தலையை நிமிர்த்தவில்லை.

உள்ளே குட்டிகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. முயல் காய்ந்துபோன கிழங்குத் தோலை மென்று மென்று இளக்கி, ஒவ்வொரு குட்டியின் வாயிலும் வைத்தது. குட்டிகள் அதைத் துப்பிவிட்டு மறுபடி அழுதன.

அணிலுக்குக் கேட்க வந்தது மறந்துபோயிற்று. உள்ளே போய் ஒரு குட்டியை வாரி எடுத்து, தன் வாலைச் சுற்றிப் போர்த்தி மெல்லத் தட்டிக் கொடுத்தது. குட்டி விக்கி விக்கித் தூங்கிப்போனது. அடுத்த குட்டியை எடுத்தது. அதுவும் தூங்கியது.

பிறகு முயலே கேட்டது.

"சொன்னா சிரிக்க மாட்டியே?"

"எதுக்கு அக்கா சிரிக்கப் போறேன்?"

"ரெண்டு தடவை வாங்கினேன். ரெண்டு தடவையும் போச்சு. கிழங்கு, காஞ்ச புல்லு, மழைக்குன்னு வச்சிருந்தது எல்லாம் போச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது." முயலின் காது இரண்டும் தொங்கின. "மயில் ஜெயிச்சது, கிளி புகழுது. நான் மட்டும் தோத்தேன்னு எப்படிச் சொல்றது? அதான் கேட்டவங்ககிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லிட்டேன். நான் சொன்னதைக் கேட்டு எத்தனை பேரு வாங்கினாங்களோ, பாவி நான்."

அணில் வால் நுனியால் முயலின் கண்ணைத் துடைத்தது. "காலையில இருந்து கேட்டுக்கிட்டே வரேன். எல்லாரும் சத்தமாச் சொன்னாங்க, ஒண்ணும் விளங்கலை. நீங்க மெதுவாச் சொன்னதுதான் அக்கா விளங்குச்சு."

அப்போதுதான் அணில் கவனித்தது. குட்டிகளுக்கு அடியில் ஒரு தேக்கிலை விரித்திருந்தது. நார் கட்டிய தடம் அதில் தெரிந்தது.

"இது நரி அண்ணன் இலைதானே? ஆத்துல விடச் சொன்னாரே?"

"விட மனசு வரலை. நல்லா அகலமான இலை, கிழிசல் இல்லை. பிள்ளைங்களுக்கு ஆகுமேன்னு விரிச்சுட்டேன். போன வாரத்து இலை."

அணில் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு கீறல். புழுதி.

"அக்கா! போன வாரம் மயிலுக்கு நாலு கீறல், உங்களுக்கு ரெண்டு கீறல். ஒரே நரி, ஒரே பந்தயம். கணக்கு மட்டும் எப்படி ரெண்டாச்சு?"

முயல் குனிந்து கீறல்களைத் தானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பந்தயத்துக்கு முன்னால் எல்லோரும் ஆற்றில் தண்ணீர் குடிக்க வருவார்கள். இலை வாங்கியவர்கள் பத்துப் பேர் அங்கே இருந்தார்கள். மயில், காட்டுப்பன்றி, கீரி, முள்ளம்பன்றி என்று ஒவ்வொருவரும் மடித்த இலையைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். முயல் அப்பாவும் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அணில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது.

"எல்லாரும்... எல்லாரும் இலையை ஒண்ணாப் பிரிச்சுப் பார்க்கலாமா? கணக்கு சரின்னா எல்லா இலையிலயும் ஒரே குதிரைதானே இருக்கணும்?"

"ஐயையோ, காட்டினா கலைஞ்சிரும்!" என்று பன்றி பதறியது.

"பொறாமை! தான் வாங்கலைன்னு பொறாமை!" என்றது மயில்.

அணில் கல்லிலிருந்து இறங்கப் போனது. அப்போது முயல் அம்மா முன்னால் வந்து அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றது. தன் வீட்டுக்காரர் நிற்பதையும் அது பார்த்தது. பார்த்தும் பேசியது.

"நான் யார்கிட்டயும் காட்டலை. காட்டாமலே எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. வீட்டுல இருந்தது அத்தனையும் தோத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு மூணு தடவை" என்றது முள்ளம்பன்றி, தரையைப் பார்த்தபடி.

"எனக்கு நாலு" என்றது கீரி. "வீட்டுல எலி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ தினமும் என்னைத்தான் திட்டறா, கீரி வீட்டுல எலி புகுந்ததான்னு!"

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். கீரியும் சிரித்தது. சிரித்ததும் பயம் விட்டுப்போயிற்று. ஒவ்வொருவராக நாரை அவிழ்த்து இலையைத் தரையில் விரித்தார்கள்.

பத்து இலைகள். இரண்டில் செவலை, இரண்டில் புழுதி, இரண்டில் தும்பை, இரண்டில் கரிமேகம், இரண்டில் நெட்டைக்காலன்.

பன்றி ஒரு தரம் பார்த்தது. மறுபடி பார்த்தது. "அஞ்சு குதிரையுமா ஜெயிக்கும்?" என்று கேட்டது. "எது ஜெயிச்சாலும் ரெண்டு பேரு ஆடுவாங்க, எட்டுப் பேரு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. அப்படின்னா... நான் தும்மினதுனால இல்லையா?"

"இல்லை மாமா" என்றது அணில். "நீங்க தாராளமா தும்மலாம்."

மயில் தன் இலையைக் காலால் புரட்டிப் பார்த்தது.

எல்லோருமாக ஆலமரத்தடிக்குப் போனார்கள். கூட்டத்தைக் கண்டதும் கிளி பறந்துவிட்டது. நரி எழுந்து நின்றது.

"நரி அண்ணே, இன்னிக்கு எந்தக் குதிரை ஜெயிக்கும்? ஒண்ணே ஒண்ணு, வாய் விட்டுச் சொல்லுங்க" என்று முயல் கேட்டது.

நரி இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது. விழுந்தடித்துக்கொண்டு உண்மையைக் கொட்டிவிட்டது. "அது தெரிஞ்சா நான் எதுக்கு இந்த வெயில்ல உக்காந்து இலை விக்கிறேன்? குழியில போட்டுட்டு வீட்டுல படுத்திருக்க மாட்டேனா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கே புரிந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் குதித்து அக்கரைக்கு நீந்திப் போய்விட்டது. அன்று அது வாங்கிச் சேர்த்திருந்த தீனியைப் பத்துப் பேரும் அவரவருக்கு உரியபடி திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு மாதமாகக் குழியிலும் இலையிலும் போனது போனதுதான்.

குதிரைகள் ஓடின. ஐந்து குழிகளும் காலியாகக் கிடந்தன.

முயல் அம்மா தயங்கித் தயங்கித் தன் வீட்டுக்காரர் பக்கம் போனது. "கோபமா?"

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் முயல் அப்பா. "கிழங்கு எடுக்கப் போனேன், காலியா இருந்துச்சு. உன் முகத்தைப் பார்த்தேன், கேட்க மனசு வரலை. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

முயல் அம்மா அழுதது. அவர் அதன் காதை மெல்ல நக்கிக் கொடுத்தார்.

அணிலின் கொட்டைகளில் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் பதினைந்து நாளுக்குரியது பதினைந்து நாளுக்குத்தான். மறுநாள் காலை முயல் அம்மா நாவல் மரத்தடியில் வந்து கூப்பிட்டது.

"அத்தி மரம் தாண்டி ஒரு பள்ளம் இருக்கு. நான் புல்லுக்குப் போறப்போ பார்த்திருக்கேன், கொட்டை கொட்டிக் கிடக்கும். எனக்கு அது ஆகாது, உனக்கு ஆகும். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. அங்கே எனக்கும் கிழங்கு அகப்படும்."

ஒன்பது நாளும் போனார்கள். அணில் பிள்ளைகள் பொறுக்கின, முயல் குட்டிகள் மண்ணைக் கிளறின. பொந்து நிறையவில்லை. முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வளையும் அப்படித்தான். சிக்கனமாகச் சாப்பிட்டால் மழையைத் தாண்டிவிடலாம்.

கடைசி நாள், வானம் கறுத்து வரும் நேரத்தில், ஒரு கௌதாரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"முயலக்கா, அக்கரையில ஒரு நரி ஏதோ கணிப்பு இலை விக்குதாமே! எல்லாரும் ஓஹோன்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

முயல் அம்மா மண் ஒட்டிய கைகளைத் தட்டிவிட்டது. இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

"இப்படி என் பக்கத்துல உட்காரு" என்றது. "நான் ரெண்டு தடவை தோத்தவ. சொல்றேன், கேளு."

நீதி: ஒன்று நல்லதா கெட்டதா என்று அறிய, ஜெயித்தவரின் ஆட்டத்தைப் பார்த்தால் போதாது, தோற்றவரிடம் சிரிக்காமல் கேட்க வேண்டும்.