நாப்பத்தி மூணாம் தொட்டி

"அது கீழ வரவே வராது இன்னாசி. இருபது கிலோமீட்டர் உசரத்துலயே காத்துல மோதி உடஞ்சிரும். நமக்கு வர்றது தூளு மட்டும்தான்."

கமலவேணி டீச்சர் இதைப் பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க. மெக்கானிக் இன்னாசியும் பதினெட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கார். அவர் ஆறு வயசு மூத்தவர். ஆனா ஆகாசத்துலருந்து பாஞ்சு வர்ற துகளைப் பத்தி அவருக்கு போர்டுல போட்டு விளக்கினது அவங்கதான். அதனால அந்த விஞ்ஞானி அவருக்கு டீச்சர்.

அந்தப் பொட்டல் மேட்டுல நூத்தி அறுவது தண்ணித்தொட்டி. வெளிச்சம் புகாத மூடி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கண்ணு. தூளு தண்ணிக்குள்ள பாயும்போது ஒரு மினுக்கம் வரும், கண்ணு அதை அளக்கும். எல்லாத் தொட்டி கணக்கையும் சேத்துப் பாத்தா, மேல உடஞ்சது எம்மாம் பெருசுன்னு தெரிஞ்சிரும்.

போன வியாழக்கிழமை பட்டப்பகல்ல பத்தொம்பது தொட்டி ஒண்ணா மினுங்கிச்சு. இத்தனை வருஷத்துல அவ்வளவு பெருசு வந்ததே இல்ல. அதுலயும் நடுவுல இருக்கற நாப்பத்தி மூணாம் தொட்டி காட்டினதுதான் ரொம்ப அதிகம். இந்த மேட்டையே மூடிரலாமான்னு பாக்க இன்னிக்குக் கமிட்டி வந்திருக்கு. மூட வேண்டாம்னு வானமே பாத்து சிபாரிசு பண்ணின மாதிரி.

"ஒரு தொட்டி பொய் சொன்னா, டீச்சர்?"

"எந்தத் தொட்டி?"

இன்னாசி துணியில கையைத் துடைச்சார். கை சுத்தமாத்தான் இருந்துச்சு.

"நாப்பத்தி மூணு. கண்ணு மங்கிப்போச்சு. பட்டியல்லருந்து தூக்கிருவீங்களேன்னு வோல்டேஜைக் கூட்டி வச்சேன். நோஞ்சான் புள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போடுவமே, அது மாதிரி. நோட்டுல எழுதல."

"எவ்வளவு கூட்டினீங்க?"

"கை கொஞ்சம் தாராளமாப் போயிருச்சு. ஒண்ணை ஆறாக் காட்டுது."

டீச்சர் மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால வச்சாங்க. அவங்க கையெழுத்து.

வெள்ளி: இன்னாசி டீக்கு வரல. சனி: நாப்பத்தி மூணைக் கழுவினார். ஞாயிறு: லீவு. வந்து நாப்பத்தி மூணைக் கழுவினார். திங்கள்: என்னை மேடம்னு கூப்பிட்டார்.

அதுக்குக் கீழ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ, 'வோல்டேஜ்'.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. மேல என்ன உடஞ்சதுன்னு நான் பாக்கல. கீழ விழுந்ததைப் பொறுக்கினேன்."

இன்னாசி தாளை இன்னொரு தடவை படிச்சார்.

"திங்கக்கிழமையே தெரிஞ்சிருச்சு உங்களுக்கு."

"ம்."

"காலையில கமிட்டிகிட்ட அந்த வியாழக்கிழமை கணக்கைத்தானே காட்டினீங்க?"

"காட்டினேன். கை தட்டினாங்க."

"நீங்க?"

"நானும்தான் தட்டினேன்."



"இப்பச் சொன்னா மூடிருவாங்க," இன்னாசி சொன்னார்.

"மூடிருவாங்க. உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

வாசல்ல ஜீப் டிரைவர் சடையாண்டி தலையை நீட்டினான். "இன்னாசிண்ணே, கமிட்டி ஆபீசருங்க நாப்பத்தி மூணைத் தொறந்து பாக்கணுமாம். உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க."

இன்னாசி எந்திரிச்சார். வோல்டேஜ் நோட்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டார்.

"நாம ரெண்டு பேருமே சொல்லலேன்னா என்ன ஆகும், டீச்சர்?"

"தூளு விழுந்துக்கிட்டே இருக்கும். பொறுக்க வேற யாராவது வருவாங்க."

"அண்ணே, வெயில்ல நிக்கறாங்க."

இன்னாசி போனார்.